சோற்றைக் குறைத்தேன், மாத்திரை நின்றது. அப்புறம் மார்ச் மாதம் வந்தது

சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன சாப்பிடுறீங்க?" என்பதுதான். அடுத்தது, "எத்தனை கிலோ குறைஞ்சீங்க?" ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆனால் விட்ட மாத்திரையை என்னை மறுபடி எடுக்க வைத்தது சோறு இல்லை, தூக்கமில்லாத நான்கு வாரம். அதனால் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சமாகவும் மற்றதைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில், 45 வயதில், எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. வெறும் வயிற்றில் 212. மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்கிற ஹெச்பிஏ1சி 9.1. ஐந்தடி ஓர் அங்குல உயரத்துக்கு 73 கிலோ இருந்தேன். மெட்ஃபார்மின் 500 காலையிலும் இரவிலும், காலையில் கூடவே கிளிமிபிரைடு 1 மி.கி. என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு இருந்தது, பெரிய அண்ணனுக்கு இருக்கிறது, எனக்கும் வந்துவிட்டது என்றுதான் வீட்டில் எடுத்துக்கொண்டோம். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023இல் சொன்னது. எங்கள் அலுவலகத்தில் பதினோரு பேரில் நான்கு பேர். மதியம் டிபன் பாக்ஸ் திறப்பதற்கு முன்னால் மாத்திரை அட்டை பிரிகிற சத்தம் நாலு மேசையிலிருந்தும் கேட்கும்.

2022 மே மாதம் நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படிச் செய்கிறவர்கள் நிறையப் பேர். தெரிந்தவர் ஒருவர் ஒரு பொடி கொடுத்தார். காலையில் வெந்நீரில் கலந்து குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்றார். டப்பாவில் பெயர் இல்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்றும் எழுதவில்லை. முதல் பத்து நாள் உடம்பு லேசாக இருப்பதுபோலக் கூடத் தோன்றியது. சர்க்கரை ஏறினால் தலைவலி மாதிரி வலித்துச் சொல்லாது. ஏழு வாரம் நான் ரத்தமே சோதிக்கவில்லை. கீழே அரிப்பு வந்து, குதிகால் வெடிப்பு ஆறாமல் நின்று, ராத்திரி நாலு தடவை எழுந்து போக ஆரம்பித்த பிறகுதான் ஆய்வகத்துக்குப் போனேன். வெறும் வயிற்றில் 264, ஹெச்பிஏ1சி 10.2.

அப்போது புரிந்தது, வரிசையையே நான் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று. முதலில் சர்க்கரை இறங்க வேண்டும். இறங்கி, மாத்திரைக்கு வேலை இல்லாமல் போகிறபோது டாக்டர் அதைக் குறைப்பார். நான் மாத்திரையைக் குறைத்துவிட்டுச் சர்க்கரை இறங்கும் என்று காத்திருந்தேன். பழைய மாத்திரைகளை மறுபடி எடுக்க ஆரம்பித்தேன்.

2023 ஜனவரியில் மகள் என்னை வேறொரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்சம் வயதான அம்மா. நான் போன உடனே, "மாத்திரையை விடணும் டாக்டர்" என்றேன். "ஆசைப்படறது தப்பில்லம்மா. அதை எட்டு மாசம் கழிச்சுப் பேசலாம். இப்ப உங்க இடுப்பைப் பத்திப் பேசுவோம்" என்றார். கல்லீரலிலும் கணையத்திலும் கொழுப்பு படிந்துவிட்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, எடை கணிசமாகக் குறையும்போது முதலில் அந்தக் கொழுப்புதான் கரையும் என்று படம் போட்டுக் காட்டினார். பிரிட்டனில் நடந்த டைரக்ட் என்ற ஆய்வைப் பற்றியும் அவர்தான் சொன்னார். அதில் சேர்ந்தவர்களுக்குச் சில மாதம் நாளைக்கு 850 கலோரி போல மட்டும் உணவு. முதல் வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. இரண்டாவது வருடம் அந்த 46, 36 ஆனது. "அந்த ரெண்டாவது கணக்கையும் மனசுல வெச்சுக்குங்க" என்றார். சேர்ந்தவர்கள் எல்லோருமே நோய் தெரிந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள் என்பதையும் அழுத்திச் சொன்னார். இந்தக் கடைசி விஷயம் ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே கெட்டிருக்கிற விழித்திரை சிலருக்கு மோசமாகலாம் என்பதால், எதையும் தொடங்கும் முன் கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னார். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தார். பாதத்தில் இருந்த மதமதப்புக்கு வைட்டமின் பி12 அளவு எடுத்தார், குறைவாக இருந்தது. மெட்ஃபார்மின் எடுக்கிறவர்களுக்கு பி12 குறைவது உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான்கு ஊசிக்குப் பிறகு மதமதப்பு பாதியாகக் குறைந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு ஆசான் குளுக்கோமீட்டர்தான். டெல்டாக்காரர்களுக்குச் சோறுதான் உயிர். மூன்று கரண்டி ஒரு கரண்டியானது. அந்த இடத்தைக் கீரையும் கூட்டும் முட்டையும் மீனும் நிரப்பின. பொரியலையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால் அதே சோறு குறைவாக ஏற்றுகிறது என்பதை நாலைந்து நாள் சோதித்துப் பார்த்துத்தான் நம்பினேன். இரவுச் சாப்பாடு ஏழேகால் மணிக்குள். சாப்பிட்டதும் பத்து நிமிடம் மாடியில் நடை.

கேழ்வரகுக் கூழைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரிசியை விட்டுவிட்டுக் கேழ்வரகுக்கு மாறினால் போதும் என்று எல்லோரையும்போல நானும் நம்பினேன். ஒருநாள் காலை ஒரு சொம்பு கூழ், மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு. குடிக்கும் முன் 118. ஒரு மணி நேரம் கழித்து 221. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுநாளும் பார்த்தேன், 215. கேழ்வரகிலும் ஏறக்குறைய அரிசி அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. நைசாக அரைத்துக் கரைத்துக் குடித்தால் வயிற்றில் நிற்காமல் ஓடிவிடுகிறது. அதே மாவில் முருங்கைக்கீரை போட்டு ஒரு அடை தட்டி, இரண்டு முட்டையோடு சாப்பிட்டபோது 148தான். கூழ் நல்ல உணவு, வயலில் வேலை செய்கிறவர்களுக்கு. நாற்காலியில் உட்கார்ந்து பேரேடு பார்க்கிற எனக்கு அது காலை ஒன்பது மணிக்குப் பொருந்தவில்லை.

இன்னொன்று. மாம்பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்தி 243 பார்த்துப் பதறிப்போன நாளும் உண்டு. சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால் 126. பழச்சாறு விரலில் இருந்திருக்கிறது. வீட்டு மீட்டரில் பத்து பதினைந்து முன்னே பின்னே வருவது சகஜம், அதற்காக அலைய வேண்டாம். கை மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும்.

மே மாதத்துக்குள் ஆறு கிலோ குறைந்துவிட்டது. மாத்திரை அளவு அப்படியே இருந்தது. ஆபத்து அங்கேதான் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் மாலை அலுவலகம் விட்டுப் பேருந்துக்கு நிற்கிறேன். மதியம் சாப்பாடு தள்ளிப்போய் இரண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தேன். முதலில் காரணமில்லாத கோபம் வந்தது. அப்புறம் கை நடுக்கம், கழுத்தில் குளிர்ந்த வியர்வை. வருகிற பேருந்தின் பெயர்ப் பலகையில் எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படிக்க முடியவில்லை. பைக்குள் மீட்டர் இருந்தது, ஸ்ட்ரிப்பைச் செருகவே மூன்று தடவை ஆனது. 61. கையில் இருந்த கடலைமிட்டாயைக் கடித்தேன், நடுக்கம் நிற்கவில்லை. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, டீக்கடைக்கு ஓடிச் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கால் மணி நேரத்தில் 86. அவர் என் முதுகில் கை வைத்தபடியே நின்றிருந்தார்.

அன்றிரவே டாக்டருக்குப் போன் செய்தேன். கிளிமிபிரைடு அன்றோடு நின்றது. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தட்டும். எடை குறைகிறபோது முதலில் குறைக்க வேண்டியது இந்த வகையைத்தான். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் இப்படிச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்குவது, அதாவது லோ ஆக்குவது அபூர்வம், அதனால் அது கடைசியில் போகும் என்றார். கடலைமிட்டாயில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். 70க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அப்போதும் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. இப்போதும் என் கைப்பையில் சின்னக் காகிதத்தில் சர்க்கரை மடித்து வைத்திருக்கிறேன். எனக்குத் தேவைப்படாது, பேருந்தில் யாருக்காவது தேவைப்படலாம்.

செப்டம்பரில் 61 கிலோ, ஹெச்பிஏ1சி 6.0. காலை மெட்ஃபார்மின் நின்றது. டிசம்பரில் இரவு மாத்திரையும் நின்றது. நிறுத்தும்போது டாக்டர் செய்த ஒரு காரியம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. மருந்துச் சீட்டைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதினார். வெறும் வயிற்றில் ஒரே வாரத்தில் நான்கு நாள் 130ஐத் தாண்டினால் போன் செய்ய வேண்டும். எப்போதாவது 250 தாண்டினால் அன்றைக்கே நேரில் வர வேண்டும். ஹெச்பிஏ1சி 6.5ஐத் தொட்டால் பேச்சே இல்லை, மறுபடி மெட்ஃபார்மின். "இப்ப சந்தோஷமா இருக்கும்போதே கையெழுத்துப் போடுங்க. அப்ப மனசு கேக்காது" என்றார். போட்டேன். மாத்திரையை விடுகிற யாரும் இந்தச் சீட்டு இல்லாமல் விட வேண்டாம் என்பேன்.

மருந்தில்லாமல் மூன்று மாதம் 6.5க்குக் கீழே இருந்தால் அதை ரெமிஷன் என்று சொல்லலாம் என 2021இல் அமெரிக்க, ஐரோப்பிய, பிரிட்டிஷ் நீரிழிவு அமைப்புகள் சேர்ந்து வரையறுத்திருக்கின்றன. குணமாகிவிட்டது என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தவில்லை. நான் பயன்படுத்தினேன், மனதுக்குள். பிப்ரவரி முழுக்க வெறும் வயிற்றில் 102, 107, 110 என்று வந்துகொண்டிருந்தது.

2024 மார்ச் 6ஆம் தேதி அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை. பகலில் அண்ணி பார்த்துக்கொண்டார், ராத்திரி நான். அலுவலகத்தில் வருடக் கணக்கு முடிக்கிற மாதம், நகைக்கடன் புதுப்பிப்புக்கு வாசல் வரை கூட்டம். ஆஸ்பத்திரி பெஞ்சில் அரைகுறையாக மூன்று நான்கு மணி நேரத் தூக்கம், காலையில் வீட்டுக்கு ஓடிக் குளித்துவிட்டு அலுவலகம், நாளைக்கு ஐந்து காபி. சாப்பாட்டில் மட்டும் நான் பிசகவே இல்லை. இதை அடித்துச் சொல்வேன், எல்லாம் நோட்டில் இருக்கிறது. 14ஆம் தேதி காலை 128. 19ஆம் தேதி 139. 23ஆம் தேதி 151. பயந்துபோய் இருந்த ஒரு கரண்டிச் சோற்றையும் நிறுத்தினேன். இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டையே விட்டேன். மறுநாள் காலை 154.

28ஆம் தேதி மதியம் நடந்ததை இன்னும் மறக்கவில்லை. அன்றாடக் கணக்கில் 4,300 ரூபாய் இடித்தது. காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டது, மணி இரண்டு, வயிற்றில் ஒன்றும் இல்லை. கன்னமெல்லாம் சூடாக இருந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது. லோ ஆகிவிட்டதோ என்று மீட்டரை எடுத்தேன். 168. ஆறு மணி நேரம் பட்டினி கிடந்தவளுக்கு 168 எங்கிருந்து வரும்? நாலு மணிக்குத் தவறு கிடைத்தது, ஒரு ரசீதை இரண்டு முறை ஏற்றியிருக்கிறோம். கீழே இறங்கி அலுவலகத்தை இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து பார்த்தேன், 124. இடையில் நான் குடித்தது வெறும் தண்ணீர்.

அது வந்த இடம் கல்லீரல். கல்லீரல் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கிறது, புதிதாகச் செய்யவும் செய்கிறது. பயம், கோபம், பதற்றம் வந்தால் அட்ரினலினும் கார்டிசாலும் சுரந்து, ஓடவோ சண்டை போடவோ தெம்பு வேண்டும் என்று கல்லீரலைத் திறந்துவிடச் சொல்கின்றன. நாம் ஓடுவதில்லை, நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறோம். வெளியே வந்த சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கிறது. மெட்ஃபார்மின் செய்கிற முக்கியமான வேலை என்ன தெரியுமா? கல்லீரல் சர்க்கரையைக் கொட்டுவதைக் கட்டுப்படுத்துவது. அந்தக் கட்டுப்பாட்டைத்தான் நான் டிசம்பரில் எடுத்திருந்தேன். அதனால்தான் மாத்திரையை விட்ட என்னைப்போன்ற ஒருத்திக்கு முதலில் ஏறியது சாப்பிட்ட பின் பார்க்கிற எண் இல்லை, விடியற்காலை எண்ணும் பதற்ற நேரத்து எண்ணும். அதைச் சோற்றைக் குறைத்து அடக்கப் பார்த்ததில் எனக்கு மிஞ்சியது மயக்கமும் எரிச்சலும்தான்.

ராத்திரி லோ ஆகி அதன் பிறகு ஏறுகிறதா, இல்லை விடியலில் ஏறுகிறதா என்று பார்க்க டாக்டர் மூன்று ராத்திரி சோதிக்கச் சொன்னார். படுக்கும்போது 119, மூன்று மணிக்கு 121, ஆறரைக்கு 149. மற்ற இரண்டு நாளும் ஏறக்குறைய அதே கதை. விடியலில் உடம்பு எழுவதற்குத் தயாராகும்போது எல்லோருக்கும் இந்த ஹார்மோன்கள் சுரக்கும். தூக்கம் கெட்டவர்களுக்கு இன்சுலினும் அன்றைக்குச் சரியாக வேலை செய்யாது.

சீட்டின் முதல் வரி நடந்துவிட்டது. ஏப்ரல் 3ஆம் தேதி இரவு மெட்ஃபார்மின் 500 மறுபடி ஆரம்பித்தேன். மருந்துக் கடையில் அந்த அட்டையைக் கையில் வாங்கியபோது அழுகை வந்துவிட்டது, கடைக்காரப் பையன் பயந்துபோனான். பதினைந்து மாத உழைப்பு வீண் என்று நினைத்தேன். டாக்டர் சொன்னது இதுதான்: "உங்க உடம்புக்கு இப்ப ஒரு துணை வேணும், குடுக்கறோம். நிலைமை மாறினா எடுத்துடலாம். இதுல தோத்துப்போறதுக்கு என்னம்மா இருக்கு?" இந்த வார்த்தைகளை நான் யாரிடமாவது கடத்திக்கொண்டே இருக்கிறேன், ஏனென்றால் மாத்திரை திரும்பி வந்ததை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, சோதிப்பதையே விட்டுவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

இந்த இடைவெளியில் நான் ஒரு வேலை செய்தேன். நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் புதிதாகப் போட்டேன். ஒன்று, எத்தனை மணி நேரம் தூங்கினேன். இன்னொன்று, நேற்று மனதை அரித்தது எது, ஒரே வரியில். ஐந்து வாரம் எழுதிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய ஒரு நாளும் காலை எண் 125க்குக் கீழே இல்லை. ஆறரை மணி நேரம் தூங்கிய நாளில் பெரும்பாலும் 112ஐத் தாண்டவில்லை. மனதை அரித்தது என்ற கட்டத்தில் அலுவலகம் நான் நினைத்த அளவுக்கு வரவில்லை. திரும்பத் திரும்ப வந்தது, "ராத்திரி அம்மாவை யார் பார்ப்பது."

எங்கள் வீடுகளில் இது கேள்வியே இல்லை. பெண் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள். அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் ராத்திரி எல்லாம் என் பொறுப்பு. கழிவறைக்கு மூன்று தடவை எழுப்புவார். நானும் கேட்டதில்லை, கேட்பது தப்பு என்று வளர்ந்திருக்கிறேன். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் இரண்டு அண்ணன்களுக்கும் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த தங்கைக்கும் முன்னால் வைத்தேன். குரலை உயர்த்தவில்லை. "வாரத்துல மூணு ராத்திரிக்கு மேல என்னால முடியாது அண்ணே. இதைப் பாருங்க" என்று அந்தக் கட்டங்களைக் காட்டினேன். கணக்கு நோட்டு என்பதால் சண்டை வரவில்லை. சின்ன அண்ணன் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "செவ்வாய், வெள்ளி நான் வந்து படுத்துக்கறேன்" என்றார். மற்ற இரண்டு ராத்திரிக்கு எல்லோரும் சேர்ந்து ஓர் ஆள் போட்டோம். ஜூனில் ஹெச்பிஏ1சி 6.3. ஆகஸ்டில் டாக்டர் மாத்திரையை மறுபடி நிறுத்தினார். சர்க்கரைக்காக நான் செய்ததிலேயே பெரிய காரியம் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். காபி இரண்டு, அதுவும் மதியம் மூன்று மணிக்கு முன்னால். கைப்பேசி ராத்திரி கூடத்தில் சார்ஜில் கிடக்கும். பதற்றம் ஏறுகிறது என்று தெரிந்தால் நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுகிறேன், ஐந்து நிமிடம். கவுன்டரில் ஆள் நிற்கும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது. அதைவிட எனக்குப் பலன் தருவது எழுந்து நடப்பது. தசை வேலை செய்யும்போது இன்சுலின் அதிகம் இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது, கல்லீரல் கொட்டியதற்கு ஒரு செலவு கிடைக்கிறது. காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறேன்.

சோதிப்பதும் ஒரு கட்டத்தில் நோயாகிவிடும், அதையும் அனுபவித்தேன். மாத்திரை நின்ற முதல் மாதம் நாளைக்கு ஒன்பது தடவை விரலைக் குத்தினேன். ஒவ்வொரு எண்ணும் ஒரு தேர்வு முடிவு மாதிரி. 134 வந்தால் பயம், பயத்தில் மறுபடி குத்தினால் 141. மகள்தான் மீட்டரைப் பிடுங்கி பீரோவில் வைத்தாள். இப்போது வாரத்தில் மூன்று நாள் வெறும் வயிற்றில், ஒரு நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அவ்வளவுதான். ஜுரம் வந்தாலோ, வேறு எதற்காவது ஸ்டீராய்டு மருந்து கொடுத்தாலோ மட்டும் தினமும் பார்ப்பேன், இரண்டுமே சர்க்கரையை ஏற்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி, வருடத்துக்கு ஒருமுறை கண், பாதம், சிறுநீர். மாத்திரை இல்லை என்பதற்காக இவற்றை விடக் கூடாது. கொலஸ்ட்ரால் மாத்திரை ஒன்று இன்னும் எடுக்கிறேன், அதை நிறுத்தும் எண்ணமும் இல்லை.

2025 மார்ச் வருடக் கணக்குக்கு ஜனவரியிலேயே தயாரானேன். பேரேட்டை மாதாமாதம் சரிபார்த்து வைத்தோம். கடைசிப் பத்து நாள் ராத்திரிப் பொறுப்பைத் தங்கை எடுத்துக்கொண்டாள். ஏறத்தான் செய்தது, அதிகபட்சம் 124. ஏப்ரலில் ஹெச்பிஏ1சி 6.0.

முன்னால் சொன்ன கடைசி விஷயம் பெரிய அண்ணனைப் பற்றியது. அவருக்கு 62 வயது, பதினேழு வருடமாகச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். என் நோட்டைப் பார்த்ததிலிருந்து அவருக்கும் ஆசை. ஒருநாள் போனில், "பாப்பா, நீ விட்டுட்ட. நானும் ஊசியை விட்டுட்டுச் சோத்தைக் குறைச்சுப் பாக்கறேன்" என்றார். நேற்று ராத்திரியே போடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்கு உள்ளங்கை சில்லென்று ஆகிவிட்டது. அத்தனை வருடத்தில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்பது வெளியிலிருந்து தெரியாது. இன்சுலின் தேவைப்படுகிறவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை வரை போகும், உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் சின்ன வயதிலேயே வருகிற டைப் 1 வகைச் சர்க்கரைக்காரர்களுக்கு நிறுத்துவது என்ற பேச்சே கிடையாது. "அண்ணே, இப்பவே சுகர் பாருங்க" என்றேன். 318. அன்று மாலையே வண்டி வைத்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி தொடர்ந்தது. அண்ணன் சோற்றைக் குறைத்து நடக்க ஆரம்பித்த பிறகு, ஐந்து மாதத்தில் டாக்டரே 24 யூனிட்டை 18 ஆக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். திண்ணையில் உட்கார்ந்து பையிலிருந்து பேனா ஊசியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு யூனிட்டைத் திருப்பி, என்னிடம் நீட்டி, "பதினெட்டு இருக்கா பாரு" என்பார். பார்த்துச் சொன்ன பிறகு போட்டுக்கொள்வார். அதற்கப்புறம்தான் நான் இலை போடுவேன். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் குளத்தங்கரைக்குப் போவோம். அவருக்கு முட்டி வலி, ஒரு சுற்றுதான் முடியும். போன வாரம் ஒன்றரை நடந்தார்.